கிடைக்கும் ஒரு மணி நேரம்: நடையா, தூக்கமா?

வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் பார்க்கிறவர்கள் கேட்பது இதுதான்: "டென்ஷன் தாங்கல, மாசம் தவறாம சளி. இருக்கிற ஒரு மணி நேரத்துல நடக்கவா, தூங்கவா?"

டென்ஷன் நீடித்தால், கார்டிசால் என்ற டென்ஷன் ஹார்மோன் சொல்வதை நோய் எதிர்ப்புச் செல்கள் கேட்காமல் போகின்றன; அழற்சி, அதாவது உடலுக்குள் வரும் வீக்கமும் எரிச்சலும், அடங்குவதில்லை. அதனால் இந்தக் கேள்வி முக்கியமானது.

செலவு: இரண்டுக்கும் இல்லை.

நடை: வேகமாக நடந்தால் அட்ரினலின் ஏறி, மண்ணீரலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் தங்கியிருக்கும் இயற்கைக் கொல்லி செல்களை (வைரஸ் தொற்றிய செல்களை அழிக்கும் எதிர்ப்புச் செல்கள்) ரத்தத்தில் இறக்கிவிடும். நடை முடிந்ததும் எண்ணிக்கை இறங்கிவிடும்.

தூக்கம்: இரவின் முற்பகுதி ஆழ்தூக்கத்தில் கார்டிசால் தாழ்ந்து, வளர்ச்சி ஹார்மோன் உயரும். எதிர்ப்புச் செல்கள் கிருமியை நினைவில் வைக்கும் வேலைக்கு அது தோதான நேரம். 2015இல் வந்த அமெரிக்க ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சளி பிடிக்க வாய்ப்பிருந்தது. என் ஓட்டு இங்கேதான் சாய்கிறது.

வசதி: எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கண்டெய்னர் லாரிப் புழுதியில் நடக்காதீர்கள், உள்தெருவோ மைதானமோ பாருங்கள். பகல் தூக்கத்துக்கு ஜன்னலில் கெட்டியான கறுப்புத் துணி, போன் சைலன்ட்டில்.

6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர் தூங்குங்கள். 7 மணி நேரம் தூங்கியும் நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை என்றால் நடங்கள், காய்ச்சல் நாள் தவிர.