சுஷி டூல்ஸ்: சர்வர் இல்லாதவனுக்கு ஒரு சர்வர்

சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்று தனியாக ஒரு சின்னக் கணினி உட்கார்ந்திருக்கும். சர்வர் அணைந்து கிடந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். தொலைவிலிருந்து சர்வரை எழுப்பவும் படுக்க வைக்கவும் அதனிடம்தான் பேச வேண்டும். அப்படிப் பேசும் டிரைவர் என்ற நிரலை எழுதுவது என் பிழைப்பு. ஓப்பன்ஸ்டேக் என்ற திறந்தமூல மேகக்கணினித் திட்டத்திலிருந்து வரும் சுஷி டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் பெரிய உபகாரம்.

நிஜ சர்வரே ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள், அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் சத்துவாச்சாரியில் என் மாடி அறைக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ரேக் சர்வரின் விசிறிகள் போடும் கூச்சலுக்குக் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்துவிடுவார். வாடிக்கையாளரின் சர்வரோ ராணிப்பேட்டையில், ஒரு தோல் நிறுவனத்தின் ஏற்றுமதிக் கணக்கு முழுவதையும் சுமந்துகொண்டிருக்கிறது. "ஒருமுறை அணைத்துப் பார்க்கிறேன்" என்றால், "சனிக்கிழமை சரக்கு போகட்டும் சார்" என்கிறார்கள். அங்கே எல்லாச் சனிக்கிழமையும் சரக்கு போகிறது.

சுஷி டூல்ஸ், நம் கணினியில் லிப்வர்ட் என்ற நிர்வாக மென்பொருள் வழியாக ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு (மென்பொருளாலேயே ஆன கணினி) ரெட்ஃபிஷ் முகமூடி மாட்டிவிடுகிறது. ரெட்ஃபிஷ் என்பது சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க, டிஎம்டிஎஃப் என்ற தொழில்துறை அமைப்பு 2015இல் வெளியிட்ட தரநிலை. வலைத்தளத்திடம் கேட்பதுபோல் கேட்டால் ஜேசன் என்ற எழுத்து வடிவில் பதில் வரும். பிஎம்சிபோல் நடிக்கும் இதன் எமுலேட்டரை ஓடவிட்டு, டிரைவரை 8000ஆம் போர்ட்டுக்குத் திருப்பினால் போதும். இயக்குவது, அணைப்பது, எந்தச் சாதனத்திலிருந்து பூட் ஆவது என்று மாற்றுவது, ஐஎஸ்ஓ கோப்பை (வட்டின் முழு நகல்) மெய்நிகர் வட்டாகச் செருகுவது எல்லாம் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, சர்வரின் முகவரியில் இது வைக்கும் யூயூஐடி என்ற நீண்ட தனி அடையாள எண். நிஜ உலகில் டெல் 'சிஸ்டம்.எம்பெடட்.1' என்கிறது, ஹெச்பிஇ வெறும் '1' என்கிறது, திறந்தமூல பிஎம்சி மென்பொருளான ஓப்பன்பிஎம்சி 'சிஸ்டம்' என்கிறது. ஒரு கம்பெனியின் முகவரியைக் குறிமுறையில் நேரடியாக எழுதிவைக்கும் சோம்பேறித்தனம் இங்கே செல்லாது. ரெட்ஃபிஷின் வேர் முகவரியிலிருந்து இணைப்பைப் பின்தொடர்ந்து போனால்தான் சர்வர் கிடைக்கும்.

இன்னொன்று. இயங்குதளமே நிறுவாத வெற்று இயந்திரத்துக்கு 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்', அதாவது முறைப்படி அணையச் சொல்லும் கட்டளை அனுப்பிப் பாருங்கள். கட்டளை ஏற்கப்பட்டதாகப் பதில் வரும், இயந்திரம் அசையாது. பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டளை இயங்குதளத்திடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. கேட்க ஆள் இல்லாவிட்டால் யார் அணைப்பது? நிஜ சர்வரிலும் இதே கதைதான். கட்டளை ஏற்கப்பட்டதைச் சொல்லும் 204 என்ற பதில் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடும் டிரைவர் என்றாவது காலை வாரும். பவர்ஸ்டேட் (இயங்குகிறதா, அணைந்ததா என்ற நிலை) மாறியதா என்று மறுபடி மறுபடி வாசித்து, கெடு தாண்டினால் கட்டாயமாக அணைக்கும் 'ஃபோர்ஸ் ஆஃப்' கொடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இது மிக மரியாதையான சர்வர். கேட்டவுடன் பதில் சொல்கிறது. நிஜ பிஎம்சி அப்படியா? பல போர்டுகளில் இருக்கும் ஆஸ்பீட் ஏஎஸ்டி2500 சில்லில் 800 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் கோர் ஒன்றுதான். நாலு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் மூச்சு வாங்கும். செஷன்களை (உள்நுழைந்த இணைப்புகளை) மூடாமல் விட்டால் ஒரு கட்டத்தில் உள்ளேயே விடாது. சென்சார் எண்ணுக்குப் பதில் வெறுமை வரும். இந்த முரட்டுத்தனத்தைச் சோதிக்க, எமுலேட்டருக்கு முன்னால் வேண்டுமென்றே தாமதம் செய்யும் சிறு பிராக்ஸியை (இடைத்தரகர் நிரல்) நானே எழுதி வைத்திருக்கிறேன். இது கூடவே வந்திருக்க வேண்டிய வசதி.

கடவுச்சொல்லும், சான்றிதழைக் கொண்டு இணைப்பை மறையாக்கும் ஹெச்டிடிபிஎஸ்ஸும் இல்லாமல்தான் எமுலேட்டர் எழுந்திருக்கிறது. இரண்டையும் அமைத்த பிறகு சோதியுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ்ச் சிக்கல் முதன்முதலாக வாடிக்கையாளர் முன்னால்தான் தலைகாட்டும்.

ரெட்ஃபிஷுக்கு முந்தைய பழைய தரநிலையான ஐபிஎம்ஐ இதற்குத் தெரியாது. அது வேண்டுமானால் அதே ஓப்பன்ஸ்டேக் குடும்பத்தின் விர்ச்சுவல்பிஎம்சி இருக்கிறது. ஆனால் ஐபிஎம்ஐ 2.0 உள்நுழைவு முடியும் முன்பே கடவுச்சொல்லைக் கொண்டு கணக்கிட்ட குறியீடான ஹாஷைக் கேட்பவர் கையில் கொடுத்துவிடும் வள்ளல். புதிய டிரைவரை அதற்கென்று எழுத என் கை வரவில்லை.

நிறுவுவது பைதானின் பிப் கட்டளையில் முடிகிறது. லிப்வர்ட்டுக்கான பைதான் தொகுப்பை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.