அரசு மேல் வழக்குப் போட அம்மாவுக்குக் கிடைத்த இலவச வக்கீல்: எங்கள் அனுபவம்

அப்பா ஓர் அரசுத் துறையில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2021இல் தவறிவிட்டார். அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் இரண்டரை வருடமாக வரவில்லை. தடையாக இருந்தது அம்மாவின் பெயர். அப்பாவின் பணிப்பதிவேட்டில் ராக்கம்மாள், ஆதாரில் ராக்காயி. இருவரும் ஒருவரே என்று துறையிலிருந்து கருத்துரு, அதாவது பரிந்துரைக் கடிதம், எழுதி, ஓய்வூதியத்துக்கு ஒப்புதல் தரும் சென்னை மாநிலக் கணக்காயருக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு தாள் நகரவேயில்லை. போகும்போதெல்லாம் "ஆடிட் நடக்குது, அடுத்த வாரம் வாங்க" என்றுதான் பதில்.

ஜாக்கெட் தைத்து வரும் என் வருமானத்தில் வக்கீல் வைக்க முடியாது. தைக்க வந்த அக்கா ஒருவர்தான், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம். வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் அலைய வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். தேவைப்படவில்லை. 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். இதைத் தெரியாமலே எத்தனை பேர் வட்டிக்கு வாங்கி வக்கீல் வைக்கிறார்கள்!

அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கும் ரிட் மனு போட வேண்டும் என்பதால் அதன் மதுரைக் கிளைக்கு, அங்கே இருக்கும் உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவுக்குப் போகச் சொன்னார்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி ஒத்தக்கடை பக்கம் போகிற பஸ் ஏறினால் யானைமலைக்கு முன்னாலேயே கோர்ட் வந்துவிடும். குழுவின் பட்டியலில் இருந்து ஒரு பெண் வக்கீலைக் கொடுத்தார்கள்.

அவர் முதலில் கேட்டது, "எழுதிக் கொடுத்தீங்களாம்மா?"

அம்மா பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து வைத்தார். அந்த ஆபீசுக்குப் போன நாள்களின் தாளை மட்டும் கிழித்து, நூல் கட்டி வைத்திருந்தார். பதினோரு தாள். வக்கீல் மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நீங்க போனது உண்மைம்மா. ஆனா மனு கொடுத்து, அதுக்கு அவங்க பதில் சொல்லாம இருந்தாத்தான் கோர்ட்ல கேட்க முடியும்" என்றார். அன்றைக்கே ஒரு மனு எழுதித் தந்தார். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை காத்திருந்தோம். சிவில் வழக்கென்றால் அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவில் நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் பொறுக்க வேண்டுமாம். ரிட்டுக்கு அது வேண்டாம். பதில் வரவில்லை. அப்புறம்தான் வழக்குப் போட்டார்.

மனுவோடு தர வேண்டிய அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் முழுவதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். ஓய்வூதியம் அரசு இரங்கிக் கொடுப்பதல்ல, உழைத்தவரின் உரிமை என்று 1982இல், ஓய்வு பெற்ற அரசு அதிகாரி நகரா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அதில் சேர்த்திருந்தார். அம்மா அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

விசாரணை நாளில் எங்கள் வழக்குக்கு நாலைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அரசு வக்கீல் எழுந்து அரசின் சார்பில் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டு, துறையிடம் விவரம் கேட்க அவகாசம் கேட்டார். பதினோரு தடவை போயும் பதில் சொல்ல ஆள் இல்லாத விஷயத்துக்கு அன்று அரசின் பேரில் ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. பஸ் செலவும், கடையை மூடிய நாள்களும் நம் கணக்கில்தான். மேடத்துக்கு வேறு வழக்குகளும் இருப்பதால் போனில் பிடிப்பது கஷ்டம். வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த தேதியை நீதிமன்ற இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, வந்த உத்தரவு "பணம் கொடு" என்றில்லை. எட்டு வாரத்துக்குள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். எட்டு வாரமும் ஓடிப்போனது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வரும் என்று மேடம் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். பத்தாவது நாள் கருத்துரு சென்னைக்குப் போய்விட்டதாகக் கடிதம் வந்தது. நிலுவையோடு ஓய்வூதியம் வந்தது 2024 கடைசியில்.

இவ்வளவுக்கும் வக்கீல் கட்டணம் ஒரு ரூபாய் ஆகவில்லை. நாங்களாகக் கொடுக்கப் போனபோதும், சட்ட உதவி வழக்கில் கட்சிக்காரரிடம் பணம் வாங்கக் கூடாது என்று மேடம் மறுத்துவிட்டார். இலவசம் என்றால் ஏனோதானோ என்று செய்வார்கள் என யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் வழக்கில் ஒரு வாய்தாவுக்குக்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் குடும்பப் பாதுகாப்பு நிதி மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கான மனுவைப் போன திங்கட்கிழமை அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தார். நகலில் தேதியோடு சீல் போட்டுக் கொடுக்கும்வரை அந்த மேஜையை விட்டு நகரவில்லை.