லாத்தாவில் யின்-யாங் பொருத்தம்

தம்பி மகனுக்குப் பத்துப் பொருத்தமும் நம்ம ஐயர் பார்த்துவிட்டார். சம்பந்தியம்மா பாதி சீன வழி. அதனால் ரங்கூனில் சீனர்கள் வாழும் லாத்தாவில், பத்தொன்பதாம் தெருப் பக்கம், ஒரு சீனப் பெரியவரிடமும் போனோம்.

சீனக் கணக்கில் இரட்டைப்படை வருஷம் யாங் (ஆண் தன்மை), ஒற்றைப்படை யின் (பெண் தன்மை); ஒருவர் யாங், மற்றவர் யின் என்றால் பொருத்தம். பையன் பிறந்தது 1996 ஆகஸ்ட்: இரட்டைப்படை, யாங். பெண் 1999 ஜனவரி. ஒற்றைப்படை யின்தானே? இல்லை, அந்த முறை சீன வருஷம் பிப்ரவரியில்தான் மாறியதாம். அவள் 1998 கணக்கு, அவளும் யாங். எங்கள் அண்ணிக்கு முகம் சுருங்கியது. பெரியவர் அசரவில்லை. வருஷம், மாதம், நாள், நேரம் என நான்கு தூண் பார்க்கணும், அதில் நாளே பிரதானம் என்று விளக்கினார். அவளுக்கு நாள் யின், அவனுக்கு யாங். பொறுமையான மனுஷர், பர்மியத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பிறந்த நேரம் தெரியாமல் போகாதீர்கள். மாடிப்படி செங்குத்து. கிளம்பும்போது பச்சைக்கல் வளையல் நீட்டுவார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்.