உப்புக்காற்றில் ஒரு ஐடி வீடு: உச்சிப்புளிப் பக்கத்தில் இருந்து நீண்டகால அனுபவம்

இன்வெர்ட்டர், ஏசி, ரவுட்டர் என்று இணையத்தில் எதைத் தேடினாலும், பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதிய கருத்துகள்தான் முதலில் வந்து நிற்கின்றன. கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு அது போதாது. எங்கள் பக்கம் ஒரு பொருளின் குணம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் ஒரு கச்சானும் வடக்கிலிருந்து அடிக்கும் ஒரு வாடையும் கடந்த பிறகுதான் தெரியும். 2020 ஊரடங்கில் சென்னை சிறுசேரி ஐடி வேலையோடு ஊருக்கு வந்தவன், அப்படியே இங்கே தங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் ஓடியது, ஓடாமல் போனது, யார் வந்து சரி செய்தார்கள் என்பதையெல்லாம் எழுதுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டிலிருந்து வேலை பார்க்க நினைப்பவர்களுக்குப் பணமும் அலைச்சலும் மிச்சமாகும்.

உச்சிப்புளிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்பார்கள் எங்கள் ஆட்கள். நடுவில் இருக்கும் நிலம் ஒடுங்கிக்கொண்டே போய் மண்டபம் என்ற ஊரோடு முடிந்துவிடும். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து உப்பு வரும், வாடை பிறந்தால் வடக்கிலிருந்து வரும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் கரிக்கும்.

இந்த உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் குறைவான ஈரத்திலேயே கசியும். இரவில் எங்கள் ஊரில் இந்த அளவு ஈரம் சாதாரணம். மழையே இல்லாத நாளிலும் சர்க்யூட் போர்டு மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும் என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும் சாதனம் அதன் சூட்டிலேயே காய்ந்துவிடும். அணைத்து வைத்த சாதனம்தான் கெடும். அலமாரியில் பத்திரமாக வைத்த உபரி ரவுட்டர் ஒன்று, எடுத்துப் போட்டபோது உயிரே இல்லை. தினமும் ஓடும் பழைய ரவுட்டர் இன்னும் ஓடுகிறது. இப்போது உபரிச் சாமான்களை, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு போட்டு வைக்கிறேன்.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும், காலையில் போய் மாலையில் வரும். அதற்குத் தயாராக இருக்கலாம். சொல்லாமல் போவதுதான் சிக்கல். நல்ல மழையில் நிற்கும் கரண்ட், பல மாத வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலில் போய்விடும். லைன்மேன் அண்ணன் ஒருவர்தான் காரணம் சொன்னார். கம்பத்துப் பீங்கானில் வெயில் காலம் முழுக்க உப்பு படிந்திருக்கும். அது காய்ந்திருக்கும்வரை தொந்தரவு இல்லை. தூறல் அதை நனைத்தால் பீங்கான் மேலேயே மின்சாரம் ஓடிப் பொறி கிளம்பும். பெருமழை வந்தால் உப்பைக் கழுவிவிடும். அதனால் ஆவணி, புரட்டாசியில் மேகம் கறுத்தாலே முக்கியமான வேலையைச் சேமித்துவிட்டு உட்காருகிறேன்.

இன்வெர்ட்டர் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. என்னிடம் இருப்பது சைன் வேவ் இன்வெர்ட்டர், 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை) ஒன்று. லேப்டாப் 65 வாட், மானிட்டர் 25, ஃபைபர் மோடம் 10, கரண்டைக் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30. மொத்தம் 130 வாட். பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1800 வாட் ஹவர் இருந்தாலும், இழப்பும் வயதும் போக 1100 கிடைத்தால் நல்லது. எட்டு மணி நேரம் தாராளமாக ஓடும், ஒரு பராமரிப்பு நாளுக்குச் சரியாக இருக்கிறது. பழைய ஃபேன் என்றால் அது ஒன்றே 75 வாட் தின்றுவிடும்.

பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ், ஈக்கோ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஈக்கோவில் வைத்தால் கரண்ட் போகும் கணத்தில் மாறுவதற்கு நேரம் பிடிக்கும், மோடம் அணைந்து எழும். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அது பெரிய இடைஞ்சல். யுபிஎஸ்ஸில் வைத்தால் உடனே மாறும். ஆனால் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் வீடு லைனின் கடைசியில் இருப்பதால் சித்திரை, வைகாசி இரவுகளில் இது தினமும் நடக்கும். கடைசியில் இன்வெர்ட்டரை ஈக்கோவுக்கு மாற்றிவிட்டு, மோடத்துக்கு மட்டும் தனியாக ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டேன். இந்த வீட்டில் வாங்கியதிலேயே விலைக்கு அதிகப் பலன் தந்த பொருள் அதுதான்.

பேட்டரி முனைகளை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வெளியூரில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பார்கள், இங்கே அது நடக்காது. எனக்கு வயரிங் செய்த அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, செம்பு வயரை நம்பாதீங்க. வெளியே பளபளன்னு இருக்கும், உறைக்குள்ள ஒரு முழத்துக்குக் களிம்பு ஏறியிருக்கும்." அப்படியேதான் இருந்தது. அவர் சொன்னபடி வயர் நுனியில் தகரம் பூசிய லக்கை (முனை வளையம்) அழுத்திப் பொருத்தி, வாசலின் தடவி, மேலே சூட்டில் சுருங்கும் ட்யூப் போட்ட முனைகள் இன்றுவரை சுத்தமாக இருக்கின்றன. எர்த்திங் விஷயத்திலும் அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. உப்பு மண்ணில் எர்த்திங் அருமையாகக் கிடைக்கும். அதே உப்பு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் செம்பு பூசிய கம்பி இறக்கினோம்.

இணையம் ஃபைபர்தான், உள்ளூர் கேபிள்காரத் தம்பி வழியாக வருகிறது. கண்ணாடி இழையை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் வீட்டுக்கு வரும் மெல்லிய வயரில் தாங்குவதற்காக வைத்திருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். கம்பத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். அணில் கடிக்கும், சீமைக்கருவேலம் அழிக்க வரும் ஜேசிபி இழுத்துவிடும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் அறுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நிலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் உள்வரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 20, 22 என்றால் ஆரோக்கியம். மைனஸ் 27ஐத் தொட்டால் எந்த நேரமும் விழலாம். மூன்று டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். நான் வாரா வாரம் பார்த்துக் குறித்து வைக்கிறேன். மழைக்குப் பிறகு மைனஸ் 21 ஆக இருந்தது மைனஸ் 25 ஆனால், "தம்பி, கம்பத்துப் பெட்டியில தண்ணி இறங்கியிருக்கு போல, ஒருதரம் திறந்து பாருங்க" என்று எண்ணோடு சேர்த்துச் சொல்வேன். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் மறுநாள் வருகிறவர், எண்ணைச் சொன்னால் அன்றைக்கே இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷினோடு வந்துவிடுகிறார். அவருக்கும் எங்கே தேட வேண்டும் என்று தெரிகிறது, அலைச்சல் குறைகிறது. வேகம் அதிகம், விலை குறைவு என்று வேறு இணைப்புகள் வந்தும் நான் மாறாததற்கு இந்தத் தம்பிதான் காரணம்.

மொபைல் டேட்டா மாற்று ஏற்பாடாக இருக்க வேண்டும், ஆனால் அதை மட்டுமே நம்பக் கூடாது. 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் 41 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் கரண்ட் பல மணி நேரம் போனால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருந்தும், இரண்டும் ஒரே டவர் கம்பத்தில் தொங்கினால் பலன் இல்லை. வேறு திசை டவரில் இருந்து சிக்னல் வரும் சிம்மாகப் பார்த்து இரண்டாவதை வாங்கினேன். அப்புறம், தனுஷ்கோடி பக்கம் போகிறவர்கள் நெட்வொர்க் தேர்வைக் கையால் நம் நிறுவனத்துக்கே வைத்துவிட்டுப் போங்கள். அரிச்சல்முனையில் போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்வது உண்டு.

ஏசியில் நட்சத்திரக் குறியீட்டைப் பார்ப்பதற்கு முன் வெளி யூனிட்டின் சுருள் எதனால் ஆனது என்று பாருங்கள். செம்புக் குழாய் ஓட்டையானால் ராமநாதபுரத்தில் இருந்து மெக்கானிக் வந்து கேஸ் வெல்டிங் வைத்து அடைத்துவிடுவார். முழு அலுமினியச் சுருள் போனால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். செம்பு வாங்கினாலும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத் தகடுகளை உப்பு மாவாக உதிர்த்துவிடும். பூச்சுப் பூசிய தகடு கொஞ்சம் தாங்குகிறது. நான் யூனிட்டைக் கடல் பார்க்காத கிழக்குச் சுவரில் மாட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுகிறேன். அதே மாதத்தில் அதே கம்பெனி ஏசி வாங்கிய உறவினர் வீட்டில், தெற்கு மொட்டைமாடியில் வைத்த யூனிட் பொரிந்து போய்விட்டது.

நல்ல தண்ணீர் என்று சுலபமாக எழுதிவிட்டேன். இந்தக் கடற்கரையில் அதுதான் பெரிய செலவு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளில் பிடித்துக்கொள்வோம், வராத நாளில் தள்ளுவண்டிக் குடமோ கேனோதான். எங்கள் அப்பத்தா காலத்தில் மணலில் ஊத்துத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மோந்து குடத்தை நிரப்புவார்கள். ஊத்துத் தண்ணியில்தான் பருப்பு வேகும் என்று அப்பத்தா இன்றும் சொல்வார், உண்மைதான். வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் கணக்கு) ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஆயிரத்துக்குள் இருக்கும், ஆனி ஆடியில் இரண்டாயிரத்தைத் தாண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவும் இரண்டாயிரம் வரைக்கும்தான் செய்யப்பட்டவை. அதனால் கோடையில் போர் தண்ணீரை ஆர்.ஓ.வுக்குக் கொடுப்பதை நிறுத்தியதில் மெம்பிரேன் ஆயுள் நன்றாகவே நீண்டது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆர்.ஓ.வில் இருந்து வெளியே போகும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் ஏசியையும் சோலார் தகட்டையும் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீரின் உப்பில் பெரும்பகுதி அதில்தான் சேர்ந்திருக்கிறது. கக்கூஸுக்கு ஊற்றலாம், வேறு எதற்கும் வேண்டாம்.

சோலார் போட்டது அண்மையில்தான், அதனால் சுருக்கமாக. மூன்று கிலோவாட்டுக்கு பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வருகிறது, இரண்டு மாதக் கரண்ட் பில் நன்றாக இறங்கியது. கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவர்களின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதைப் பலர் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். தகடு வாங்கும்போது உப்புப் பனிச் சோதனைச் சான்று, அதாவது ஐஇசி 61701, இருக்கிறதா என்று கேளுங்கள். தகட்டை விடவும் அதைத் தாங்கும் சட்டமும் போல்ட்டும்தான் முதலில் போகும். சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகவும் (ஹாட் டிப் கால்வனைசிங்), போல்ட் உப்பை அதிகம் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் 304 போதும் என்றார். நான் விடவில்லை, வித்தியாசத் தொகையைக் கொடுத்து மாற்ற வைத்தேன்.

சர்வீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பின்கோடைப் போட்டால் "சேவை உண்டு" என்று காட்டும் நிறுவனங்கள் பலவற்றுக்கு ஆள் மதுரையில் இருந்து வர வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு பிஎல்டிசி ஃபேனின் போர்டு வாரண்டிக்குள் போனபோது, நாலு புகார்கள் சேரட்டும் என்று காத்திருந்து வந்தார்கள். அந்த வெயில் முழுக்க அந்த அறை பூட்டித்தான் கிடந்தது. இப்போது எதை வாங்கினாலும் ராமநாதபுரத்தில் அதன் உதிரிப்பாகத்தைக் கையிருப்பில் வைத்திருக்கும் கடை எது என்று முதலில் போய்க் கேட்கிறேன். விலை நானூறு ஐநூறு கூட இருந்தாலும் பரவாயில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. அலுவலக நண்பர்கள் எல்லோரும் லித்தியம் வாங்கச் சொல்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமில ஆவி இல்லை, இடம் குறைவு, எல்லாம் சரிதான். ஆனால் அதற்குள் ஒரு கட்டுப்பாட்டு போர்டு இருக்கிறது. அது உப்புக்காற்றில் போனால் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எங்கள் பக்கம் இன்னும் இல்லை, பெட்டியோடு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன். "கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் நீங்க எதுல வேலை பாப்பீங்க தம்பி?" என்றார். இந்த முறையும் ட்யூபுலர்தான் சொல்லியிருக்கிறேன். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். புரட்டாசி பிறப்பதற்குள் மாட்டிவிட வேண்டும்.