உடைந்த டெப் திரை: கண்ணாடி மட்டுமா, முழு டிஸ்ப்ளேயா, கடையா?

அக்காவின் மகள் திருகோணமலை உவர்மலையிலிருந்து டெப்பைத் (டேப்லெட்) துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். "மாமா, படம் எல்லாம் வடிவா வருது. ஆனா கீழ்ப்பக்கம் தொட்டா வேலை செய்யுதில்ல." பாதி விடை அதிலேயே இருந்தது. படம் ஒழுங்காக வந்து தொடுகை மட்டும் போயிருந்தால் உடைந்தது மேல் கண்ணாடி. கறுப்பு மை ஊறியதுபோலக் கறையோ, நெடுங்கோடுகளோ தெரிந்தால் அடியிலிருக்கும் டிஸ்ப்ளேயும் போய்விட்டது.

மீதி விடை டெப்பின் மொடலில் இருக்கிறது. சிலவற்றில் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் தனித்தனி, நடுவில் மெல்லிய காற்றிடைவெளி. சற்றுச் சரித்துப் பார்த்தால் படம் கண்ணாடிக்குக் கீழே பதிந்திருப்பதுபோலத் தோன்றும். ஹோம் பட்டன் உள்ள 10.2 இன்ச் ஐபேட்கள் இந்த வகை; அவள் கொண்டுவந்த 2021ஆம் ஆண்டு ஒன்பதாம் தலைமுறையும் அதுதான். ஐபேட் ஏர் 2 முதல் வந்த ஏர்கள், சாம்சங் டெப் ஏ7 லைட் போன்றவற்றில் இரண்டும் ஒரே துண்டாக ஒட்டப்பட்டிருக்கும்.

தனிக் கண்ணாடி விலை குறைவு. முழு டிஸ்ப்ளே அதைவிடப் பல மடங்கு. அதனால் கண்ணாடி மாற்றுவது சின்ன வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டு மேசையில் நிலைமை நேர்மாறு. ஒட்டிய வகையில் உடைந்தது மொத்தமாகக் கழன்று வரும், புதியது மொத்தமாகப் போய் உட்காரும். கண்ணாடி மட்டும் மாற்றும்போதோ, நல்ல டிஸ்ப்ளேயைக் கீறாமல், அதன்மேல் ஒரு தூசிகூட விழாமல் காப்பாற்ற வேண்டும். காசு குறைந்த வழிக்குத்தான் கைப்பக்குவம் கூடுதலாகத் தேவை.

முதலில் உடைந்த கண்ணாடி முழுவதிலும் செலோடேப் ஒட்டுங்கள், சில்லு பறக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொடவே வேண்டாம். தலைமுடி உலர்த்தியால் ஓரங்களைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கினால் பசை இளகும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பிக்கை (கிட்டார் மீட்டும் துண்டு போன்றது) ஓரமாக மட்டும் நகர்த்த வேண்டும். உள்ளே தட்டையான ரிப்பன் கேபிள் எந்தப் பக்கத்தால் ஓடுகிறது என்று தெரியாமல் பிக்கை ஆழமாக விட்டால் அது அறுந்துவிடும். நொறுங்கிய கண்ணாடி முழுத்தகடாக வராது, சில்லுச் சில்லாகத்தான் வரும். அரை நாள் ஒதுக்காமல் தொடங்காதீர்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் மேசையில் புழுதி படியும். ஃபேனை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, இரவு காற்று அடங்கியபின் செய்வதே நல்லது. ஃபேன் இல்லாமல் வியர்க்கும். நெற்றியில் துணி கட்டிக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேயில் ஒரு துளி விழுந்து காய்ந்தால் அந்தக் கறை கண்ணாடிக்கு அடியில் நிரந்தரமாக நிற்கும்.

ஹோம் பட்டனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கைரேகை வாசிக்கும் அந்தப் பட்டன் அதே ஐபேட்டின் போர்டோடு மட்டுமே பேசும். கேபிள் அறுந்தால் கடையில் வேறு பட்டன் வாங்கிப் போட்டாலும் கைரேகை திரும்ப வராது. என்னுடைய பழைய ஐபேட்டில் இதைச் செய்தது நானல்ல, காசு வாங்கிய ஒரு கடை. "அது முதலே வேலை செய்யேல்லயே" என்றார்கள். கொடுக்கும்போது அவர்கள் முன்னால் சோதித்துக் காட்டாதது இன்றும் மனதில் உறுத்துகிறது.

ஒட்டிய வகைக்கு முழு டிஸ்ப்ளே வாங்குவதில் கவனிக்க வேண்டியது மொடல் எண். ஏ7 லைட்டில் வைஃபை மட்டும் உள்ளது டி220, சிம் போடுவது டி225. அதற்குரிய எண்ணைச் சொல்லியே கேளுங்கள். ஒட்டிய வகையில் மேல் கண்ணாடியை மட்டும் பிரித்து மாற்றுவதற்குப் பிரிக்கும் இயந்திரமும், காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டும் இயந்திரமும் வேண்டும். அதை வீட்டில் முயலவே கூடாது.

என்.சி. வீதிப் பக்கக் கடைகளில் ஃபோன் திரைகள் கிடைக்கும் அளவுக்கு டெப் திரைகள் கிடைப்பதில்லை. பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பித்துத்தான் போடுவார்கள். கடையின் உண்மையான பலம், பொருத்தியபின் திரை வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு. அதை பில்லில் எழுதி வாங்குங்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் தெரிவு கூட, ஆனால் ஒரு கண்ணாடிக்காக ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போய்வருவது ஐபேட் ப்ரோ போன்ற விலைகூடியவற்றுக்குத்தான் பெறும்.

எங்கே கொடுத்தாலும் முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுத்து வைத்துவிடுங்கள். அண்ட்ராய்ட் டெப்பில் தொடுகை முற்றாகச் செத்தாலும் ஓடிஜி கேபிளில் (சார்ஜ் போடும் துளையில் மவுஸ் போன்றவற்றை இணைக்கும் சின்ன வயர்) சாதாரண மவுஸைச் செருகினால் அம்புக்குறி வரும். அதை வைத்தே எல்லாம் எடுக்கலாம்.

மருமகளின் ஐபேட்டுக்குக் கண்ணாடி மட்டும் எடுப்பித்தேன். மலிவான கண்ணாடிகளில் ஆப்பிள் பென்சில் எழுத்து விட்டுவிட்டு விழலாம் என்பதால், அவள் பென்சில் பாவிப்பதில்லை என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான். பசை உறையை உரிக்கும் முன் கேபிளை மட்டும் செருகி, ஒரு ஐகனை அழுத்திப் பிடித்துத் திரையின் நாலு மூலைக்கும் இழுத்துப் பார்த்தோம். எங்கும் விடுபடவில்லை. பட்டனும் அவள் விரலை அடையாளம் கண்டது. இப்போது அது மேசையில், இரண்டு அகராதிகளின் கீழே. நாளைக் காலைவரை தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பழைய சில்லுகளைப் பத்திரிகைத் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, குப்பை எடுக்க வருபவரின் கையில் குத்தாதபடி மேலே "கண்ணாடி" என்று பெரிதாக எழுதி வைத்தாள்.