பதுளை ஓட்டோ ஹயர் – எல்லயோட திரும்பிடாதீங்க

போன மாசம் அம்மாவ கூட்டிக்கிட்டு இலங்கை மலைநாட்டுல ஹட்டன்ல இருந்து கோச்சியில (ரயில்ல) பதுளைக்கு போனேன். நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் பதுளைக்கு முந்தி வர எல்ல ஊர்லயே எறங்கிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, அதுக்கு அங்கிட்டுதான் விசயமே இருக்கு. தெமோதரை ஸ்டேசன விட்டு கெளம்புற கோச்சி மலைய ஒரு சுத்து சுத்தி கீழ எறங்கி, அதே ஸ்டேசனுக்கு நேர் அடியில இருக்க சுரங்கத்துக்குள்ள பூந்து போகும். அம்மா சின்ன வயசுல அந்தப் பக்கத்து தோட்டத்துலதான் இருந்தாங்க, "இப்ப ஸ்டேசன் நம்ம தலைக்கு மேல"ன்னு ஜன்னல புடிச்சிக்கிட்டு சொன்னப்ப அவங்க மொகத்த பாத்ததுக்கே டிக்கட் காசு சரியா போச்சு.

பதுளைதான் கடைசி ஸ்டேசன், 1924ல தொறந்தது. வாசல்லயே ஒரு ஓட்டோ அண்ணன புடிச்சோம், ஏறுறதுக்கு முன்னுக்கே முழு நாளைக்கும் ஒரே கணக்கா பேசிட்டாரு, பெறகு ஒரு ரூவா கூட கேக்கல. எல்ல ஒன்பது வளைவு பாலத்துக்கு கோச்சி வர நேரத்த கேட்டு வச்சிக்கிட்டு இருபது நிமிசம் முந்தியே கொண்டுபோய் விட்டாரு. 1921ல கட்டி முடிச்ச பாலம், கல்லு, செங்கல், சீமெந்து மட்டுந்தான், 24 மீட்டர் ஒசரம், 91 மீட்டர் நீளம், அதுலயும் வளைஞ்சு போகுது. தண்டவாளத்துல நின்னு போட்டோ எடுக்க ஒரே அடிதடி, நீங்க மேல தேயிலைச் சரிவுல நில்லுங்க, வளைவு ஒம்பதும் முழுசா தெரியும். அங்க ஒரு கடையில ரெண்டு பிளேன்டிக்கு வாங்கின காசு அநியாயம், டவுன்ல குடிச்சிட்டு போங்க.

எனக்கு மனசுல நின்னது போகொட மரப்பாலம். ஹாலிஎல பக்கமா போகணும், ரோட்டுல இருந்து படி எறங்கினா ஆத்துக்கு குறுக்கால முழுக்க மரத்துல ஒரு பாலம், மேல ஓட்டுக் கூரை, ஓரமா செதுக்கின தூணு, பக்கத்துலயே சின்ன விகாரை. கண்டி ராசா காலத்துப் பாலம், நாங்க போனப்ப ஒரு மனுசர் இல்ல, தண்ணி சத்தம் மட்டுந்தான். அம்மா செருப்ப கழட்டிட்டு அந்தப் பலகையில நடந்தாங்க, நா சொல்லவே இல்ல, அவங்களா கழட்டினாங்க.

துன்ஹிந்த அருவிக்கு நேரம் பத்தல, அது 64 மீட்டர், காட்டுப் பாதையில நடக்கவும் வேணும், அதுக்கு தனியா ஒரு காலை ஒதுக்குங்க.

ஓட்டோவுக்கு பத்துக்கு ஒம்பது குடுப்பேன். மழைப் படங்கு ஒரு பக்கம் கிழிஞ்சிருந்ததால அம்மாவுக்கு தோள்பட்ட நனைஞ்சிருச்சு, அதுக்குத்தான் ஒன்னு கொறச்சேன். ஹயர் பேசுறப்பவே போகொடய மொதல்ல போடச் சொல்லுங்க, நாங்க கடைசியா வச்சதால அஞ்சு மணிக்கே மிஸ்ட் எறங்கி பாலத்துல பாதிதான் தெரிஞ்சுது.