வீட்டுக் காப்பகமா, டே கேர் மையமா? எடைபோட வேண்டியவை

வேலைக்குத் திரும்பும் பெற்றோர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒருவர் தம் வீட்டிலேயே நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக் காப்பகம் ஒன்று. பணியாளர் பலருடன் தனிக் கட்டடத்தில் நடக்கும் டே கேர் மையம் மற்றொன்று. முன்னதில் பாசம் அதிகம், பின்னதில் பாதுகாப்பு அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. வீட்டுக் காப்பகத்தின் நிறையும் குறையும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன: அங்கே எல்லாமே ஒரே ஒருவரை நம்பி நடக்கிறது.

முதலில் தலைக்கணக்கு. இங்கிலாந்தில் வீட்டில் குழந்தைகளைப் பராமரிப்பவர் எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு பேரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் பொதுவாக மூவர், ஒரு வயது நிரம்பாதவர் ஒருவர் என்பதே வரம்பு. தீப்பிடித்தால் ஒருவரால் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியும் என்று யோசித்தாலே இத்தகைய வரம்பின் நியாயம் விளங்கும். வீட்டுக் காப்பகத்தில் "எத்தனை குழந்தைகள்?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் காலை நேரத்துக் கணக்கே பதிலாக வரும். பராமரிப்பவரின் சொந்தப் பிள்ளைகளையும், பள்ளி விட்டு மாலையில் வந்து சேரும் பெரிய குழந்தைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மையத்தில் இந்தக் கணக்கு எழுத்தில் இருக்கும்; ஆனால் ஒரு பணியாளர் விடுப்பு எடுத்த நாளில் அது என்னவாகிறது என்பதை அங்கும் விசாரிக்காமல் விடக்கூடாது.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு கண்காணிப்பில்தான் இருக்கிறது. மையத்தில் ஒருவர் பொறுமை இழந்து குழந்தையை உலுக்கினாலோ அதட்டினாலோ, அதைப் பார்க்க இன்னொருவர் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பார். வீட்டில் அப்படிப்பட்ட சாட்சி இல்லை. பேசத் தெரியாத குழந்தை நடந்ததைச் சொல்லவும் போவதில்லை. கேமரா இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, ஏனெனில் கேமரா கூடத்தைக் காட்டும், குளியலறையையும் சமையலறையையும் காட்டாது. மேலும் அது நடப்பதைத் தடுப்பதைவிட நடந்ததைப் பதிவுசெய்வதற்கே அதிகம் உதவும். காப்பக நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றிப் பெற்றோர் உள்ளே வரலாம் என்ற அனுமதிக்கு அதைவிட மதிப்பு அதிகம். அந்த அனுமதியைக் கேட்டதும் முகம் சுருங்குகிற இடத்தை அத்துடன் விட்டுவிடலாம். அந்த வீட்டில் வேறு யார் வசிக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள், குழந்தை அவர்களுடன் தனியாக இருக்க நேருமா என்ற கேள்விகளைச் சங்கடம் பார்க்காமல் கேட்க வேண்டும்.

கட்டடப் பாதுகாப்பில் மையம் முந்துகிறது, ஏனெனில் வீடு என்பது பெரியவர்களுக்காகக் கட்டப்பட்டது. சில அங்குலத் தண்ணீர் நிற்கும் வாளியே தவழும் குழந்தைக்கு உயிராபத்தாகலாம். ரிமோட்டிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். பல வயதுக் குழந்தைகள் சேர்ந்திருக்கும் வீட்டில் இந்த அபாயம் கூடுகிறது, ஏனெனில் ஐந்து வயதுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள் ஒரு வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கும் அளவில் இருக்கக்கூடும். தூங்கவைக்கும் முறையை நேரில் பார்ப்பது அவசியம்: உறுதியான, சமமான படுக்கையில், மல்லாக்க, தலையணையும் மெத்தென்ற போர்வையும் இல்லாமல் படுக்கவைக்க வேண்டும். 1990-களில் பல நாடுகள் இந்த முறையைப் பரப்பிய பிறகே கைக்குழந்தைகளின் திடீர் மரணங்கள் பெருமளவு குறைந்தன. "குப்புறப் படுத்தால்தான் நன்றாகத் தூங்குகிறது" என்று சொல்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவரிடம் கைக்குழந்தையை விடுவது சரியல்ல.

தொற்றுநோயில் நிலைமை தலைகீழ். குழந்தைகள் அதிகம் கூடும் மையத்தில் முதல் ஆண்டு முழுவதும் சளியும் காய்ச்சலும் மாறிமாறி வரும். சிறிய குழுவில் இது குறைவு.

தரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த, அரசு நிதியில் நடந்த ஓர் ஆய்வு, பராமரிப்பவர் குழந்தையிடம் எவ்வளவு பேசுகிறார், அதன் அழைப்புக்கு எப்படிப் பதில் தருகிறார் என்பவற்றை முக்கியமானவையாகக் கண்டது. இதில் நல்ல வீட்டுக் காப்பகத்துக்கு இயல்பான அனுகூலம் உண்டு: குழந்தை அன்றாடம் பார்ப்பது ஒரே முகம். பணியாளர்கள் அடிக்கடி மாறும் மையத்தில் அது கிடைப்பதில்லை. ஆனால் இதை மதிப்பிட, எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்ட காலை நேரத்தில் போய்ப் பயனில்லை. மதிய உணவுக்குச் சற்று முன்பு, பசியும் தூக்கமும் சேர்ந்து இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழும்போது போய் அமர்ந்து பார்க்க வேண்டும். அப்போது அவர் தொலைக்காட்சியைப் போடுகிறாரா, ஒன்றைத் தூக்கிக்கொண்டே மற்றதிடம் பேசுகிறாரா என்பதிலிருந்து, சுவரில் மாட்டிய சான்றிதழ் சொல்லாத பலவும் தெரியவரும். உரிமம் அவசியம்தான், ஆனால் அது குறைந்தபட்சத் தகுதிக்கான அத்தாட்சி மட்டுமே.

பராமரிப்பவருக்கே காய்ச்சல் வந்தால் வீட்டுக் காப்பகம் மூடப்படும். மாற்று ஏற்பாடு என்னவென்று சேர்ப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். இதில் மையத்தின் வசதியே மேல்.

என் கணிப்பில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, எண்ணிக்கை வரம்புக்குள் இருந்து, பெற்றோருக்குக் கதவு எப்போதும் திறந்திருந்து, தூங்கவைக்கும் முறையும் சரியாக இருந்தால் வீட்டுக் காப்பகமே ஏற்றது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சுமாரான மையத்தையே தேர்ந்தெடுப்பேன். மூன்று வயதைத் தாண்டி, நடந்ததைத் தானே சொல்லக்கூடிய, தோழர்களைத் தேடுகிற பிள்ளைக்கு மையம் பொருந்தும். தன்னைவிடச் சிறிய குழந்தைகளோடு நாள் முழுவதும் ஒரே கூடத்தில் இருப்பது அந்த வயதில் அலுப்புத் தட்டிவிடும்.